பழைய பீரங்கிக் குண்டு உறைக்கு என்ன மதிப்பு?
சந்தேகங்களும் விளக்கங்களும்

பட்டாளத்தில் இருந்த தாத்தா கொண்டுவந்தது, பழைய பங்களா சாமான்களோடு ஏலத்தில் வந்தது என்று சில வீடுகளில் கனமான பித்தளை உருளை ஒன்று இருக்கும். பூச்சாடியாகவோ, குடை செருகி வைக்கும் பாத்திரமாகவோ காலம் தள்ளிக்கொண்டிருக்கும். அது பீரங்கிக் குண்டின் காலி உறை என்று தெரிந்ததுமே, "லட்சக்கணக்கில் போகுமாமே?" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. சேகரிப்பாளர்களிடையே அதிகம் புழங்குபவை முதல் உலகப் போர்க் கால உறைகள். இங்கே தரும் விளக்கங்களும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவையே.

குண்டு, உறை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பறந்துபோய் விழுவது குண்டு. அது எஃகால் ஆனது. அதைத் தள்ளி அனுப்பும் வெடிமருந்தை வைத்திருக்கும் பித்தளைக் குழாய்தான் உறை. சுமார் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இதற்குப் பயன்பட்டது. சுடும்போது எழும் அழுத்தத்தில் உறை விரிந்து பீரங்கியின் பின்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். வாயு பின்னால் கசியாது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்குவதால் எளிதில் உருவி எடுத்துவிடலாம். ஆக, குண்டு எதிரியின் பக்கம் போய்விடும். உறை சுட்டவர் காலடியிலேயே கிடக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது 1914-இல் எம்டன் கப்பல் சென்னை மீது சுட்டபோது விழுந்த உறை என்கிறார்களே?

மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, காப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் தன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் சென்னைத் துறைமுகப் பகுதியைத் தாக்கியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையில் விழுந்தவை எஃகுக் குண்டுகளும் அவற்றின் சிதறல்களும்தான். பித்தளை உறைகள் கப்பலின் மேல்தளத்தில் உருண்டிருக்கும். அந்தக் கப்பலும் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. எனவே "சென்னையில் விழுந்த எம்டன் உறை" என்று யாராவது பித்தளை உருளையைக் காட்டினால் நம்ப வேண்டாம். குண்டுச் சிதறல் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா?

விலையை விசாரிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மேல்வாய் திறந்திருந்து, உள்ளே அடிவரை காலியாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் அடிப்பக்கத்தின் நடுவில் உள்ள ப்ரைமர் எனப்படும் எரியூட்டியைப் பாருங்கள். சுடப்பட்ட உறையில் அங்கே ஊசி குத்திய குழி தெரியும். அல்லது எரியூட்டியைக் கழற்றிவிட்டு வெறும் துளை இருக்கும். குழியே இல்லாமல் எரியூட்டி முழுசாக இருந்தால் அதில் மருந்து உயிரோடு இருக்கக்கூடும். அதைச் சுத்தியலால் தட்டுவதோ, துளையிடுவதோ, சூடாக்குவதோ கூடாது.

உருளையின் தலையில் கூம்பு வடிவ எஃகுக் குண்டும் சேர்ந்தே இருந்தால் கதை வேறு. கையை எடுத்துவிடுங்கள், இடம் மாற்றாதீர்கள், 112-ஐ அழைத்துப் போலீஸுக்குச் சொல்லுங்கள். நூறு வருடம் ஆனால் மருந்து செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று 2014 மார்ச்சில் வெடித்து இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வட்டார விவசாயிகள் உழும்போது இன்றும் குண்டுகள் கிளம்புகின்றன. சிலவற்றில் விஷவாயு இருக்கிறது. அதேபோல், போர் நடந்த ஈழத்தின் வன்னிப் பகுதியில் மண்ணிலிருந்து கிடைப்பதைச் சேகரிப்புப் பொருளாக நினைக்கவே கூடாது.

எந்த நாட்டுடையது, எந்தப் பீரங்கியுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உறையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அதன் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. கறுத்துப்போயிருந்தால் தேய்க்காதீர்கள், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து தெரியும்.

பிரிட்டிஷ் உறையில் பீரங்கியின் பெயர் சுருக்கமாக இருக்கும். '18 பி.ஆர்.' என்றால் 18 பவுண்டர் எனப்படும் பீரங்கி. அருகில் உள்ள ரோமன் எண் அந்த உறையின் வடிவமைப்பு வரிசை. அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்பதன் அடையாளம். அம்பு 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் இருந்தால் கனடா, அம்பின் கீழே 'ஐ' இருந்தால் இந்தியா. 'ஆர்.எல்.' என்பது உல்விச்சில் இருந்த ராயல் லேபரட்டரி. 'சி.எஃப்.' என்பது கார்டைட் வெடிமருந்து முழு அளவு நிரப்பப்பட்டதைக் குறிக்கும். காலி உறைகளைப் பொறுக்கித் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பி மறுபடி நிரப்பினார்கள் என்பதால், ஒரே உறையில் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கலாம்.

ஜெர்மானிய உறைகளில் கார்ல்ஸ்ரூஹே, மக்டபர்க் போன்ற ஊர்ப் பெயரும், மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் உறையில் '75' என்ற எண்ணோடு களப் பீரங்கி என்பதற்கான சுருக்கெழுத்து இருக்கும்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் அளவுகோல்தான் துணை. வாயின் உள்விட்டம், மொத்த நீளம், அடி விளிம்பின் விட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். 18 பவுண்டர் உறை 295 மில்லிமீட்டர் நீளம், வாய் சுமார் 84. பிரெஞ்சு 75-இன் உறை 350 நீளம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகளும் பயன்படுத்திய 25 பவுண்டரின் உறை 292 நீளம், வாய் 88 அளவில். 18 பவுண்டரோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நீளத்தை நம்பாமல் வாயை அளந்தால் குழப்பம் தீரும். ஆஷ்டிரே செய்வதற்காகக் குட்டையாக அறுத்தவற்றில் நீளம் எதையும் சொல்லாது. கடைசியாகக் காந்தம்: பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் அது எஃகு உறை. செம்புத் தட்டுப்பாட்டில் ஜெர்மனி எஃகிலும் உறை செய்தது.

பூ வேலைப்பாடும் போர்க்கள ஊரின் பெயரும் பொறித்திருக்கிறது. பதுங்குகுழியில் சிப்பாய் செய்ததா?

இருக்கலாம், ஆனால் வாய்ப்பு குறைவு. பித்தளையைப் பதப்படுத்தி, இடுப்புபோலக் குறுக்கி, வரிவரியாக மடிக்கக் கருவியும் பட்டறையும் நேரமும் வேண்டும். குண்டு மழையில் அதற்கு ஏது வசதி? பின்னணியில் இருந்த பணிமனைச் சிப்பாய்கள், போர்க் கைதிகள், சீனத் தொழிலாளர் படையினர், பெல்ஜிய அகதிகள் எனப் பலர் இவற்றைச் செய்தார்கள். போர் முடிந்த பின் மகனின் கல்லறையைத் தேடி வந்த பெற்றோருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் உள்ளூர்க்காரர்கள் செய்து விற்றவை ஏராளம். 'வெர்டன்', 'ஈப்ர்' என்று எழுதியிருப்பது நினைவுப் பொருள் வியாபாரத்தையும் குறிக்கலாம். அடியில் உள்ள ஆண்டு உறை பிறந்த ஆண்டு மட்டுமே. வேலைப்பாடு பத்து வருடம் கழித்துக்கூட வந்திருக்கலாம்.

சரி, விலை எவ்வளவு?

பலருக்கு ஏமாற்றம் தரும் பதில். பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கிகள் மட்டுமே முதல் உலகப் போரில் ஏறத்தாழ 10 கோடி குண்டுகளைச் சுட்டன. 1916-இல் சோம் போருக்கு முந்திய ஒரு வாரத் தாக்குதலில் பிரிட்டிஷ் தரப்பு வீசியவை 15 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு மலிந்த பொருளுக்கு வயது மட்டும் விலை தராது. பிரிட்டனில் சாதாரண உறை ஒன்று சில பத்துப் பவுண்டுகளுக்குக் கைமாறுகிறது. எளிய பூச்சாடிகளும் அப்படியே. நம் ஊரில் இதற்கென நிலையான சந்தை கிடையாது. காயலான் கடையில் எடைக்குப் பித்தளை விலைதான் கிடைக்கும்.

விலையை ஏற்றுவது சான்று. யாருடையது, எந்தப் படைப்பிரிவு, எங்கே, எப்போது என்பதைக் காட்டும் கடிதம், புகைப்படம், பணிப் பதிவேடு இருந்தால் அதே உறையின் மதிப்பு பலமடங்கு ஆகலாம். அபூர்வமான பீரங்கியின் உறை, தேர்ந்த கைவேலை, ஜோடி குலையாத பூச்சாடிகள் ஆகியவற்றுக்கும் கிராக்கி உண்டு. பேரும் தேதியும் செதுக்கியிருந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: சுற்றிலும் பித்தளை பழுத்துக் கறுத்திருக்க, செதுக்கிய கோட்டின் உள்பக்கம் மட்டும் புத்தம்புதிதாக மின்னினால் அது சமீபத்தில் சேர்த்த பொய்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. தேய்க்கத் தேய்க்க முத்திரை மழுங்கும், பழமையின் நிறம் போகும், வாங்குபவர் விலையைக் குறைப்பார். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சட்டச் சிக்கல் உண்டா?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் வெடிபொருளின் பாகங்களும் 'வெடிபொருள்' என்பதில் அடங்கும். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இந்த விலக்கை நம்பி இருப்பவர்கள் வாங்கிய ரசீதையோ, குடும்பத்தில் வந்தது என்பதற்கான ஆதாரத்தையோ பத்திரப்படுத்துவது நல்லது; விற்கும் முன் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராணுவத் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல்களில் பொறுக்கியதை வாங்காதீர்கள். அது அரசுச் சொத்து, உயிருக்கும் ஆபத்து.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு இரண்டு தடைகள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் காலி உறையும் பிடித்து வைக்கப்படலாம். 2022-இல் கோலான் குன்றுகளில் கிடைத்த வெடிக்காத குண்டை ஓர் அமெரிக்கக் குடும்பம் டெல் அவீவ் விமான நிலையத்துக்கே எடுத்து வந்ததால் கூட்டம் சிதறி ஓடியது. அடுத்தது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டு தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. அடியில் 1917 என்று பொறித்த உறைக்கும் அந்தக் கேள்வி எழும் என்பதால், பெட்டியில் வைக்கும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.