வைத்தியர் பட்டம் பெற்ற தெய்வங்கள்

தெய்வங்களுக்கு மக்கள் பட்டம் சூட்டுகிறார்கள். அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடி தெய்வங்கள் நடக்கின்றனவா?

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு 'வைத்தியர்' என்று பட்டம். அமாவாசை தோறும் கோயிலில் கூட்டம் அலைமோதும். குளத்தில் வெல்லம் கரைப்பது இங்கே வழக்கம். வெல்லம் கரைவது போல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. கை, கால், கண் வடிவத் தகடுகளும் காணிக்கையாகச் சேரும்.

பண்டைக் கிரேக்க நாட்டிலும் இதே காட்சிதான்! அங்கே வைத்தியத் தெய்வம் அஸ்கிளீப்பியஸ். கொரிந்த் நகரில் அவர் கோயில் இருந்த இடத்தைத் தோண்டினார்கள். பக்தர்கள் செலுத்திய களிமண் கை, கால்கள் கிடைத்தன.

அஸ்கிளீப்பியஸ் பட்டத்தை மிஞ்சி வேலை செய்தாராம். செத்தவரையே பிழைக்க வைத்தாராம். பொறுக்காத சீயஸ் தேவன் இடியால் அவரைக் கொன்றான் என்கிறது கதை. தெய்வ வைத்தியருக்கும் ஓர் எல்லை உண்டு!

திருவள்ளூர் வைத்தியரின் எல்லை எது? குளத்தின் பெயரே சொல்கிறது: 'ஹிருத்தாபநாசினி'. மனத்தின் தாபத்தைத் தீர்ப்பது என்று பொருள். நோயாளியின் பயத்துக்கும் வீட்டாரின் கவலைக்கும் அதுவே மருந்து.

உடம்புக்கு? திருவள்ளூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வெல்லம் கரைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கோயிலில் தைரியம் பெறலாம்; மருந்தை டாக்டரிடம் வாங்க வேண்டும்!