கைக்குள் ஒரு வாசிகசாலை

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கு நோக்கிச் செல்பவர், புளியங்குளத்திற் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு செல்லும் வீதியைப் பற்றினால் நெடுங்கேணியை அடைவர். வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர் அது. ஒலுமடு, மருதோடை, பட்டிக்குடியிருப்பு முதலிய சிற்றூர்கள் அதனைச் சார்ந்துள்ளன. காடு ஒருபுறமும் குளமும் வயலும் மறுபுறமுமாக அமைந்த இப்பகுதியில் நெல்லையும் கச்சானையும் உழுந்தையும் நம்பி வாழ்வோர் பலர். அவர்களுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. மழை எப்பொழுது பெய்யும், நெல் என்ன விலைக்குப் போகும், உரமானியம் பற்றி அரசாங்கம் யாது முடிவு செய்தது, எந்த விண்ணப்பத்தை எந்நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பவற்றை உரிய காலத்தில் அறியாது போனால், ஒரு போகத்தின் உழைப்பே வீணாகக் கூடும்.

செய்தியின் அருமையை வன்னி மக்கள் துன்பத்தின் வழியாகக் கற்றவர்கள். 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் அங்கே வானொலிக்கு வேண்டிய மின்கலம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தைக் கொண்டு வானொலிப் பெட்டியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். கொழும்பு வானொலி, லண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசை, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் என ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களைத் திருப்பித் திருப்பிக் கேட்டோர் பலர். ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொரு நிலையமும் எவ்வாறு கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என ஒப்புநோக்கினாலன்றி உண்மை புலப்படாது என்பதை அனுபவம் அவர்களுக்கு உணர்த்தியது.

அக்காலத்திற் செய்தி அரிதாக இருந்தது. இக்காலத்திலோ அது மிகையாக இருக்கின்றது. கையடக்கத் தொலைபேசி வீடுதோறும் புகுந்துவிட்டது. முகநூலைத் திறந்தால் முடிவில்லாத செய்திப்பெருக்கு விரலின்கீழ் ஓடுகின்றது. ஆனால் அப்பெருக்கில் எது முன்னே வரவேண்டும், எது பின்னே தள்ளப்பட வேண்டும் என்பதைப் பார்ப்பவர் தீர்மானிப்பதில்லை. எதனைக் காட்டினால் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நிறுவனத்தின் கணினி கணக்கிட்டு, அதனை முன்னே வைக்கின்றது. மூன்று நாட்களுக்கு முந்திய செய்தி இன்று காலையிற் புதியதுபோல வந்து நிற்பதும், சினமூட்டும் வதந்தி பயனுள்ள அறிவித்தலை மறைத்துவிடுவதும் இதன் விளைவுகளே.

இலங்கை இதன் தீமையைக் கண்கூடாகக் கண்டது. 2018 மார்ச் மாதத்திற் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டபோதும், 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்த பின்னரும், பொய்ச் செய்திகள் பரவாது தடுக்கவென அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கிற்று. பொருளாதார நெருக்கடியின் நடுவே 2022 ஏப்ரல் 3ஆந் திகதியும் பல மணிநேரம் அவை முடக்கப்பட்டன. சமூக ஊடகம் ஒன்றினையே செய்திக்கு வாயிலாகக் கொண்டிருந்தவர்களுக்கு, அந்த நாட்களில் வதந்தியோடு செய்தியும் சேர்ந்து நின்றுபோயிற்று. செய்தி வரும் வழி ஒன்றேயாயின், அவ்வழி அடைபட்டதும் எல்லாம் அடைபட்டுவிடும்.

இக்குறையை நீக்கத்தக்க எளிய கருவியொன்று திறன்பேசியில் உண்டு. செய்தியோடை வாசிப்பான் என்பது அதன் பெயர். அது புதிய கண்டுபிடிப்பன்று. ஆயினும் அதனை அறிந்தோர் தொகை குறைவு.

அது இயங்கும் முறை யாது? ஒரு செய்தித்தளம் தன் பக்கங்களை மனிதர் கண்ணுக்கு ஏற்றவாறு படமும் நிறமும் விளம்பரமும் சேர்த்து அமைக்கின்றது. அதே வேளையில், கணினி படிப்பதற்கென்று சிறிய கோப்பு ஒன்றையும் வைத்திருக்கின்றது. புதிதாக வெளியான ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, சுருக்கம், வெளியான நாளும் நேரமும், முழுச் செய்தி இருக்கும் முகவரி ஆகியவை அக்கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதுவே செய்தியோடை. வாசிப்பான் என்னும் செயலி, வாசகர் குறித்துக் கொடுத்த தளங்களை இடையிடையே நாடி அக்கோப்புகளைப் பார்வையிடும். முன்னர் காணாத செய்தி இருப்பின் அதனை எடுத்து வரும். பல தளங்களிலிருந்து வந்தவற்றையெல்லாம் ஒரே பட்டியலில், பெரும்பாலும் புதியது மேலும் பழையது கீழுமாக அடுக்கி வைக்கும்.

ஓடை என்ற சொல் இதற்கு மிகப் பொருந்தும். குளத்து நீர் துருசைத் திறந்தாலன்றி வாய்க்காலில் இறங்காது. சமூக ஊடகத்தில் அத்துருசின் திறப்பு நிறுவனத்தின் கையில் இருக்கின்றது. செய்தியோடை வாசிப்பானில் அது வாசகரின் கையில் இருக்கின்றது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஊர் வாசிகசாலையை நினைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். 1930இல் தோன்றிய வீரகேசரி, 1932இல் தோன்றிய தினகரன், 1985இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய உதயன் என வெவ்வேறு நோக்குடைய பத்திரிகைகள் அங்கே ஒரே மேசைமீது கிடக்கும். எவற்றை வாங்குவது என்பதை வாசிகசாலைச் சபையார் முடிவு செய்வர். படிப்பவர் ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பார். ஒரே செய்தியை இரண்டிலும் படித்துத் தமக்குள் எடைபோடுவார். செய்தியோடை வாசிப்பான் கைக்குள் அடங்கிய வாசிகசாலை. அதன் சபையாரும் வாசகரே, படிப்பவரும் வாசகரே.

இம்முறையின் வரலாறும் அறியத்தக்கது. 1999 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதனை வகுத்தவர்கள் ராமநாதன் குகா, டான் லிபி என்னும் இருவர். இவர்களுட் குகா சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவர். பின்னர் டேவ் வைனர் என்பார் அதனை எளிமையாக்கி வளர்த்தார். இன்று பெருவழக்கில் உள்ள ஆர்.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பு 2002இல் வந்தது. 'மிக எளிய பரப்புமுறை' என்பது அம்மூன்றெழுத்துக்கு வழங்கும் விரிவின் பொருள். 2005இல் அற்றம் என்னும் மற்றொரு வடிவமும் ஏற்பட்டது. இவ்விரண்டையும் வாசிப்பான்கள் படிக்கும். இவை எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுடைமையல்ல என்பதே இவற்றின் சிறப்பு.

தமிழுலகம் இதன் பயனை விரைவிலேயே கண்டது. தொடக்க காலத்தில் ஈழத்தவரின் இணையத்தளங்கள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அத்தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆதலின் ஓடை வழியாக அனுப்பினும் படிக்க இயலாது. யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டுமுறை பரவிய பின்னரே தமிழ் எக்கருவியிலும் தமிழாகவே தெரிந்தது. 2004இற் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை ஓரிடத்திற் சேர்த்துக் காட்டிற்று. இலங்கை, தமிழ்நாடு, சிங்கப்பூர், கனடா எனப் பல திசைகளிற் சிதறியிருந்த தமிழர் எழுதியவற்றை ஒரே பக்கத்திற் காணும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டது.

இனி, இதனைத் திறன்பேசியில் அமைக்கும் முறையை நோக்குவோம். அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு ஃபீடர் என்னும் செயலி இலவசமாகக் கிடைக்கின்றது. அதற்குக் கணக்குத் திறக்கவோ மின்னஞ்சல் முகவரி கொடுக்கவோ வேண்டியதில்லை. ஐபோனுக்கு நெட்நியூஸ்வயர் என்பது அத்தகையது. ஃபீட்லி, இனோரீடர் என்பன கணக்குத் திறந்து பயன்படுத்துவன. தொலைபேசியிலும் கணினியிலும் ஒரே பட்டியலைப் பேண விரும்புவோர்க்கு அவை ஏற்றவை.

செயலியை நிறுவியதும் ஓடையைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, வேண்டிய தளத்தின் முகவரியை எழுதவேண்டும். தளத்தில் ஓடை இருப்பின் செயலி பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக் காட்டும். காட்டாவிடினும் மனந்தளர வேண்டியதில்லை. தமிழ்ச் செய்தித்தளங்கள் பல வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. அவற்றின் முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோட்டையும், 'ஃபீட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் சேர்த்து எழுதினால் வழக்கமாக ஓடை கிடைக்கும். பின்னர் உள்ளூர், நாடு, உலகம், விவசாயம் எனப் பிரிவுகள் வகுத்து ஓடைகளை அவற்றுள் இடலாம்.

அமைப்புகளில் இரண்டைக் கவனித்தல் நன்று. முதலாவது, எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை செயலி செய்தி கொண்டுவர வேண்டும் என்பது. காலையும் மாலையும் படிப்பவருக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருவதாற் பயனில்லை, மின்கலமே விரயமாகும். இரண்டாவது, முழுச் செய்தியையும் முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதி. சமிக்ஞை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், சமிக்ஞை எட்டாத வயற்கரையிலும் படிக்கலாம். ஓடையில் வருவது பெரும்பாலும் எழுத்தே. ஓடைக் கோப்பு ஒன்று பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட் அளவினது. சில நிமிடக் காணொளியோ பல மெகாபைட்டை விழுங்கும். டேட்டாவை எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு இது சிறிய நன்மையன்று.

வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. ஓடை எழுத்தை மட்டுமன்றி ஒலியையும் சுமக்கவல்லது. வலையொலி எனப்படும் ஒலித்தொடர்கள் இவ்வோடை வழியாகவே வீடு வந்து சேர்கின்றன. 1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் மாதத்துடன் நின்றுவிட்டது. எனினும் பி.பி.சி. தமிழ்ச் சேவை இணையத்தில் தொடர்கின்றது. அதன் செய்தியோடையை இன்று எவரும் தம் வாசிப்பானிற் சேர்த்துக்கொள்ளலாம். முன்னர் நிலையம் குறித்த நேரத்துக்கு நேயர் காத்திருந்தார். இப்பொழுது நேயருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்துக்குச் செய்தி காத்திருக்கின்றது.

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஓடை வழங்காத தளங்கள் உள. வழங்குவனவற்றுள்ளும் தலைப்பையும் இரண்டு வரிகளையும் மட்டும் தருவன பல. தலைப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வருதல் வதந்தியை நம்புவதற்கு ஒப்பாகும். ஓடை செய்தியைக் கொண்டுவருமேயன்றி அதன் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்காது. தம் கருத்துக்கு இசைந்த தளங்களை மட்டும் சேர்த்துக்கொள்பவர், தம் குரலையே திரும்பக் கேட்கின்றவர் ஆவர். படிக்காத செய்தி நூறு, இருநூறு எனச் செயலி காட்டும் எண்ணும் சிலருக்குச் சுமையாகத் தோன்றும். வாசிகசாலையிற் கிடக்கும் பத்திரிகைகளையெல்லாம் ஒருவர் படித்து முடிக்க வேண்டும் என்பதில்லை. அவற்றைப் படித்ததாகக் குறித்து ஒதுக்கிவிடுவதிற் குற்றமில்லை.

மற்றொரு பாடமும் உண்டு. 2005இற் கூகிள் நிறுவனம் தொடங்கிய கூகிள் ரீடர் உலகெங்கும் பலராற் பயன்படுத்தப்பட்டது. 2013 ஜூலை 1ஆந் திகதி அந்நிறுவனம் அதனை மூடிவிட்டது. ஆயினும் தாம் சேர்த்த தளங்களின் பட்டியலை முன்னரே இறக்கி வைத்திருந்தவர்கள் அடுத்த வாசிப்பானுக்கு இலகுவாக மாறிக்கொண்டனர். ஓ.பி.எம்.எல். என்னும் சிறு கோப்பாக அப்பட்டியலைச் சேமிக்கும் வசதி இன்றுள்ள பெரும்பாலான செயலிகளில் உண்டு. விதைநெல்லை வேறாக எடுத்து வைப்பதுபோல அதனை வேறாக வைத்திருத்தல் அறிவுடைமை.

அவசர வேளையில் இக்கருவியின் எல்லையை மறவாதிருத்தல் வேண்டும். 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்து வட மாகாணத்தின் ஊடாகச் சென்றது. அத்தகைய இரவில், மணிக்கு ஒருமுறை செய்தி கொண்டுவரும் செயலி போதாது. சமிக்ஞைக் கோபுரமும் மின்சாரமும் நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. அப்பொழுது வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையை மின்கலத்தால் இயங்கும் வானொலி வழியாகக் கேட்பதே தக்கது. புயல் ஓய்ந்த மறுநாள், எந்த வீதி மூடியது, எந்தக் குளம் வான் பாய்ந்தது, நிவாரணம் எவ்வாறு வழங்கப்படும் என்று பல தளங்களை ஒப்புநோக்கும் வேளையில் செய்தியோடை கைகொடுக்கும். வெளியான நேரம் ஒவ்வொரு செய்தியோடும் பொறிக்கப்பட்டிருப்பதால், நேற்றைய எச்சரிக்கையை இன்றையது என்று மயங்க நேராது.

தொடங்குவோர்க்கு ஐந்து அல்லது ஆறு ஓடைகளே போதும். உள்ளூர்ச் செய்தி தருவது ஒன்று, கொழும்பிலிருந்து வருவது ஒன்று, வெளிநாட்டு ஒலிபரப்பு ஒன்று, தொழிலுக்கு உதவுவது ஒன்று, தமக்கு உடன்பாடில்லாத கருத்துடையது ஒன்றேனும் இருத்தல் வேண்டும். காலையில் கால் மணிநேரமும் மாலையில் கால் மணிநேரமும் அவற்றுக்கு ஒதுக்கினாற் பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது. ஒரு திங்கள் கழிந்ததும், பயன் தந்தது எது, வெறும் ஆரவாரம் செய்தது எது எனப் பார்த்து, பின்னையதை நீக்கிவிடலாம்.

மிதிவண்டியைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறைக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அக்குறைந்த வாய்ப்பையும் ஒப்புநோக்கிப் பயன்கொண்டது அத்தலைமுறை. அவர்களின் பிள்ளைகளது கையில் இன்று திறன்பேசி இருக்கின்றது. அதில் எந்த வாயிலாற் செய்தி வரவேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். அம்முடிவைப் பிறரிடம் விட்டுவிடத் தேவையில்லை.