விருந்து மண்டபத்தின் வாசலில்

“மாமா, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு வேண்டுமாம், தொப்பி ஆகாதாம். நாம் அங்கே போகலாமா?”

அமெரிக்காவில் பணிபுரியும் என் லாத்தாவின் மகன் தொலைபேசியில் இவ்வாறு கேட்டார். கோடை விடுமுறையில் மனைவி மக்களுடன் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்ல அவர் திட்டமிட்டிருந்தார். ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தக் கேளிக்கைப் பூங்காவில் பகலெல்லாம் அரைக்கால் சட்டையோடு அலைபவர்களே மிகுதி. பூங்காவின் கோட்டைக்குள் அமைந்த சிண்ட்ரெல்லா விருந்தகத்திற்குக்கூட அந்த உடையிலேயே சென்று அமரலாம். ஆனால் அதே வளாகத்தின் உயர்தர ஓட்டல்களில் மாலை உணவுக்குச் செல்வோருக்கு உடை ஒழுங்கு என ஒன்று இருக்கிறது.

1988இல் திறக்கப்பட்ட கிராண்ட் புளோரிடியன் ஓட்டலில் ‘விக்டோரியா அண்டு ஆல்பர்ட்ஸ்’ என்னும் உணவகம் உள்ளது. 2024இல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. ஆண்கள் கோட்டு அணிந்தே வரவேண்டும் என்பது அங்கே நெடுங்காலம் விதியாக இருந்தது. ஜீன்ஸும் ரப்பர் செருப்பும் உள்ளே நுழைய முடியாது. விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் நம் பாட்டனார்கள் கோட்டுக்கு மேல் துருக்கித் தொப்பி அணிந்தே கனவான்களாக மதிக்கப்பட்டார்கள் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது! பக்கத்திலுள்ள கன்டெம்பரரி ஓட்டலின் பதினைந்தாம் மாடியில் இருக்கும் ‘கலிபோர்னியா கிரில்’ போன்ற உணவகங்களில் கெடுபிடி சற்றுக் குறைவு. நீச்சல் உடை, கையில்லா பனியன், கிழிந்த கால்சட்டை, ஆண்களின் தொப்பி ஆகியவை விலக்கப்பட்டவை என்று அவற்றின் அறிவிப்புகள் பல ஆண்டுகள் கூறிவந்தன.

பட்டியலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்தது. உடலை மூடுங்கள் என்று அவர்கள் விருந்தினரைக் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பெண்மக்களுக்கு அதில் புதிதாகக் கற்க வேண்டியது ஏது? முழு அங்கியும் முக்காடும் அணிந்த மருமகள் எந்த வாசலிலும் தயங்க வேண்டியதில்லை. ஆண்களுக்குத்தான் சிறிது கவனம் தேவை. மடிப்புக் கலையாத அரைக்கால் சட்டையை அந்த உணவகங்கள் அனுமதித்தாலும், முழங்கால் தெரிவதை நம் மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கவில்லை. கழுத்தில் கட்டும் டை பெரும்பாலும் பட்டு. அசல் பட்டு ஆண்களுக்கு ஆகாது. நல்வாய்ப்பாக டை அங்கே கட்டாயமில்லை. தொப்பி ஆகாது என்பது வெயிலுக்கும் விளையாட்டுக்கும் அணியும் தொப்பியை எண்ணி எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. உணவகத்தில் மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதை அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது. இடம் பதிவு செய்யும்போதே தொழுகைத் தொப்பி அணிந்து வருவதைச் சொல்லிவிடும்படி கூறினேன். உடையைவிட உணவைப் பற்றி அதிகம் விசாரிக்கும்படியும் வற்புறுத்தினேன். இத்தகைய சமையலறைகளில் குழம்பிலும் மதுவைச் சேர்ப்பது வழக்கம்.

விருந்தினராகச் செல்பவருக்கு இவ்வளவுதான். பணியாளராக நிற்பவரின் கதை வேறு.

இதே நிறுவனம் தன் ஊழியர்களை நாடக நடிகர்கள் என்றும், அவர்களுடைய சீருடையை வேட உடை என்றும் அழைக்கிறது. கலிபோர்னியாவில், டிஸ்னிலாந்தை ஒட்டிய கிராண்ட் கலிபோர்னியன் ஓட்டலின் உணவகத்தில் மொரோக்கோவில் பிறந்த முஸ்லிம் பெண்ணொருவர் விருந்தினரை வரவேற்கும் பணியில் இருந்தார். இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பின், 2010 ஆகஸ்டில் ஹிஜாபுடன் வந்தார். அதைக் கழற்ற வேண்டும், இல்லையேல் வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று கூறப்பட்டதாக அவர் புகார் செய்தார். மாற்று வழிகள் பல அளித்ததாக நிறுவனம் கூறியது. முக்காட்டின் மேல் அணிய ஒரு தொப்பியும் தர முன்வந்தது. அவர் இணங்கவில்லை, 2012இல் வழக்குத் தொடர்ந்தார்.

மேசையில் அமரும் பெண்ணின் முக்காடு இடைஞ்சலாகாதபோது, அவளை மேசைக்கு அழைத்துச் செல்பவளின் முக்காடு மட்டும் காட்சியைக் கெடுத்துவிடுமோ? துணிக்கடையொன்றில் ஹிஜாபின் காரணமாக வேலை மறுக்கப்பட்ட மற்றோர் இளம்பெண்ணின் வழக்கில், 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்மர் அப்பெண்ணின் பக்கம் நின்றனர், ஒருவரே மாறுபட்டார். கடையின் ‘தோற்ற விதி’ என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. வேலை தேடும் நம் பிள்ளைகள் அறிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

இவற்றையெல்லாம் மருமகனிடம் நெடுநேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கோட்டு வாங்கிவிட்டேன் மாமா. ஆனால் அந்தப் பெரிய உணவகத்தில் பத்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இடமில்லையாம். சின்னவனுக்கு ஏழுதானே?” என்றார். ஆகவே பதினைந்தாம் மாடிக்கே பதிவு செய்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அங்கே எட்டரை மணியளவில்தான் மஃரிப். தொழுதுவிட்டு வந்தால் வாணவேடிக்கையைச் சாளரத்திலிருந்தே பார்க்கலாம் என்று பிள்ளைகள் இப்போதே நாள் எண்ணுகிறார்களாம்.