கொழும்புக்கு ஒரு கல்விச் சுற்றுலா

சுற்றுலா முடிந்து வீடு திரும்பிய பிள்ளையிடம், "கொழும்பிலே என்ன கண்டாய்?" என்று தாய் கேட்பாள். மிருகக்காட்சிச்சாலை, துறைமுகம், நூதனசாலை, காலிமுகத்திடல் என்று பிள்ளை பெயர்களை அடுக்கும். "அங்கெல்லாம் என்ன இருந்தது?" என்று மேலும் வினவினால், "பார்க்க நேரமில்லை" என்பதே பெரும்பாலும் விடையாகும். கிராமப் பாடசாலையிற் பயிலும் ஏழைப் பிள்ளைக்கு இத்தகைய பயணம் பள்ளிப் பருவத்தில் ஒருமுறையே வாய்க்கக்கூடும். அதற்கான பணத்தைப் பெற்றோர் தம் செலவைச் சுருக்கியே சேர்த்திருப்பர். அப்பயணம் வெறும் பெயர்ப்பட்டியலாய் முடியாமற் காப்பது ஆசிரியரின் கடமையாகும்.

இக்குறைக்கு முதற் காரணம் ஆசை மிகுதியே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இத்துணைத் தூரம் வந்தபின் எதனையும் விட்டுவிட மனம் இசைவதில்லை. இரவெல்லாம் பயணஞ் செய்து உறக்கம் தெளியாத பிள்ளைகள், ஒரே பகலில் எட்டு இடங்களுக்கு இழுத்துச் செல்லப்படுகின்றனர். பகலிற் பாதி வீதி நெரிசலிலே கழிகின்றது. ஒரு நாளுக்கு மூன்று இடங்கள் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வினா, புறப்படுமுன்னரே வகுப்பில் எழுப்பப்படல் வேண்டும்.

காலையிற் காண்பதற்கு உகந்தது தேசிய நூதனசாலை. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அது. அங்குள்ள அனைத்தையும் பார்க்க முயல்பவன் எதனையும் பார்ப்பதில்லை. ஆசிரியர் ஒரு கல்லைத் தேர்ந்துகொள்ளலாம். 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன மொழிப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தென்திசைத் தேவேந்திரமுனையிற் கோயில் கொண்ட தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமியரின் இறைவனுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகின்றன. சீனர் நாட்டிய கல்லிலே தமிழ் ஏன் இடம்பெற்றது? இவ்வினாவோடு வரும் மாணவன் கல்லின் முன் நின்று, தனக்குப் பழகிய எழுத்தைத் தேடுவான். அக்காலத் துறைமுகங்களிலே தமிழ் வணிகரின் மொழி பெற்றிருந்த இடத்தை, நூலினாலன்றித் தன் கண்ணாலேயே அறிவான்.

அடுத்தது கோட்டைப் பகுதியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் எழுந்த அக்கோபுரம் 1867 முதல் வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. வீதி நடுவிலே வெளிச்சவீடு எதற்கு? அதன் விளக்கு ஏன் அணைந்தது? ஆசிரியர் விடை கூற வேண்டியதில்லை. மாணவர் சுற்றிலும் நிமிர்ந்து பார்த்தாற் போதும். கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்தமையால், 1952இல் அதன் பணி ஓய்ந்து, கடலோரத்திலே புதிய வெளிச்சவீடு எழுந்தது. ஒரு நகரம் வளரும் வரலாறு அந்த ஒரு சந்தியிலே விளங்கிவிடும்.

மாலைக்குக் காலிமுகத்திடல். இங்கே வினா வேண்டாம், விளையாட்டே வேண்டும். 1859இல் கடலோர நடைபாதையை அமைத்து முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், அதனைக் கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்காகப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்து வைத்தார். ஆகவே பட்டம் விடுவதும் இறால் வடை உண்பதும் பிள்ளைகளுக்கு உரிமையானவையே. கடலில் இறங்குவதை மாத்திரம் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும்.

இவையெல்லாம் இனிது நிறைவேற முன்னேற்பாடு இன்றியமையாதது. செல்லும் இடங்கள் அன்று திறந்திருக்குமோ என்பதைக் கடிதம் எழுதியோ தொலைபேசியிலோ கேட்டறிதல் வேண்டும். தங்குமிடம், உணவு, குடிநீர், மலசலகூடம் ஆகியவற்றை ஆசிரியரொருவர் முன்னதாகவே விசாரித்து வைத்தல் நன்று. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் இருத்தல் வேண்டும். வண்டியில் ஏறுந்தோறும் எண்ணிக்கை எடுக்கப்படல் வேண்டும். பாடசாலையின் பெயரும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டு ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும். செலவைச் சில மாதங்களுக்கு முன்னரே அறிவித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் பெற்றோருக்குப் பாரம் குறையும். பணம் கொடுக்க இயலாத பிள்ளையின் பெயர் வகுப்பில் ஒலிக்கலாகாது. அதன் பங்கு பிறர் அறியாமல் ஈடுசெய்யப்படல் வேண்டும்.

திரும்பியபின், தான் கண்டவற்றுள் ஒன்றைப் பற்றி ஒவ்வொரு மாணவனும் ஒரு பக்கம் எழுதட்டும். அப்பொழுது தாய் கேட்கும் கேள்விக்குப் பட்டியல் விடையாகாது. "அம்மா, சீனர் நாட்டிய கல்லிலே எங்கள் எழுத்தைக் கண்டேன்" என்று பிள்ளை சொல்லத் தொடங்கும்.