தண்டின்மேல் தடையின்றி நகர

அடல் டிங்கரிங் ஆய்வகத்தில் முப்பரிமாண அச்சுப்பொறி இயங்குவதை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். உருகிய நெகிழியைப் பிழியும் அதன் தலை, எஃகுத் தண்டுகளின்மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஓட்டம் சிறிது தடுமாறினாலும், அச்சிடும் பொருளின் சுவரில் அது வரிவரியாகப் பதிந்துவிடும். ஆகவே, தலைக்கும் தண்டுக்கும் இடையில் அமையும் தாங்கியை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். இதனைப் பட்டறைகளில் பேரிங் என்பர்.

குண்டுத் தாங்கியை முதலில் காண்போம். 8 மி.மீ. தண்டுக்குரிய எல்எம்8யுயு என்னும் தாங்கியின் வெளிவிட்டம் 15 மி.மீ.; நீளம் 24 மி.மீ. அதனுள் சிறிய எஃகுக் குண்டுகள் வரிசையாக உள்ளன. அவை தண்டின்மேல் உருண்டு, முனையை அடைந்ததும் மறுதடத்தின் வழியே திரும்புகின்றன. மெட்ரோ நிலையத்தில் நகரும் படிக்கட்டின் படிகள் மேலே மறைந்து அடிவழியாகத் திரும்புவதும் இவ்வாறே. உருளுவதால் உராய்வு மிகக் குறைவு.

ஆயினும், ஒவ்வொரு குண்டும் தண்டை ஒரு புள்ளியளவிலேயே தொடுகிறது. சுமை அப்புள்ளிகளில் குவிகிறது. எனவே தண்டு கடினப்படுத்தப்பட்ட எஃகாக இருத்தல் வேண்டும். பளபளப்பை நம்பிச் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகை இட்டால், நாளடைவில் அதன்மேல் பள்ளக்கோடுகள் விழும். பிறகு தாங்கியை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டையும் மாற்ற வேண்டும். வாங்குமுன் தண்டின் கோடியில் அரத்தை இழுத்துப் பார்க்கலாம்: கடினமான எஃகில் அரம் வழுக்கும், மென்மையான எஃகில் கடிக்கும்.

மற்றொன்று புஷ். எண்ணெய் ஊறிய வெண்கலத்தாலோ நெகிழியாலோ ஆன இதில் குண்டுகள் இல்லை. பரந்த பரப்பில் தொடுவதால் மென்மையான தண்டிலும் இது ஓடும், ஓசையும் குறைவு. புழுதி மிகுந்த இடத்திற்கு நெகிழிப் புஷ்ஷே ஏற்றது. ஆனால் உராய்வு கூடுதல். அதனால் ஒரு தொல்லை உண்டு.

அகலமான மேசை இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது சற்றே திரும்பிச் சிக்கிக்கொள்ளும். வலுவாக இழுக்க இழுக்க இறுக்கமும் கூடும். புஷ்ஷும் அவ்வாறே சிக்கும். இழுவிசை தண்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம்? இரு புஷ்களும் அடைக்கும் மொத்த நீளத்தைப்போல் இருமடங்கிற்கு மிகாமல் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. அந்நீளம் 40 மி.மீ. எனில், இழுக்கும் பட்டை தண்டிலிருந்து 80 மி.மீ.க்குள் இருத்தல் வேண்டும். இயலாவிடில் புஷ்களை இன்னும் விலக்கி வைக்கலாம்.

எத்தாங்கியாயினும் இரு தண்டுகளும் இணையாக அமையாவிடில் ஓட்டம் கெடும். ஒரு தண்டில் இரண்டு, மற்றதில் ஒன்று எனத் தாங்கிகளைப் பொருத்தினால் இணைப்பது எளிது. நான்கு போட்டால் உறுதி கூடும் என்று பலர் கருதுவர். சிறு பிழை இருப்பினும் நான்கும் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும்.

பொருத்திய பின், மின்சாரத்தைத் துண்டித்து, பட்டையைக் கழற்றித் தலையைக் கையால் மெல்லத் தள்ளுக. எப்போதும் ஒரே இடத்தில் தட்டினால் தண்டில் வளைவோ கீறலோ உள்ளது. ஒரு கோடியை நெருங்க நெருங்க இறுகினால் தண்டுகள் இணையாக இல்லை.