மட்டுப்படுத்தப்பட்ட அரசு: கொள்கையும் நடைமுறையும் – மலையகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பொருளாதார வாழ்வில் அரசு இயன்றளவு தலையிடாதிருத்தல் வேண்டும். வரியுஞ் செலவுஞ் சுருங்குதல் வேண்டும். தனியார் முயற்சிக்கு அது வழிவிட்டு நிற்றல் வேண்டும் என்பது பழைமைவாத அரசியலாளர் உலகெங்கணும் முன்வைக்குங் கோட்பாடாகும். ஆட்சியில் அமர்ந்த வேளைகளில் அவர்கள் இதனை எவ்வளவு தூரங் கடைப்பிடித்தனர் என்பதை இலங்கையில் அறிய முற்படுவோர், கட்சிகளின் தேர்தல் விஞ்ஞாபனங்களைக் காட்டிலும் மலையகத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குதல் பயனுடையது.

இக்கோட்பாட்டை இங்கு முதலிற் கொணர்ந்தோர் ஆங்கிலத் தோட்டத் துரைமார். சுதந்திர வாணிபம் அவர்தம் வேதமாயிருந்தது. ஆயின் அவர்கள் பெற்ற நிலம் சந்தையிற் போட்டியிட்டுப் பெற்றதன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையுஞ் சேனையையும் முடிக்குரியனவாக்கியதன் பேறு அது. தனியார் கம்பனி ஒன்றின் புகையிரத முயற்சி நிறைவேறாது போகவே, காலனித்துவ அரசே பாதை அமைத்தது. 1867 இற் கண்டியை அடைந்த அப்பாதை, தலவாக்கலை, வட்டகொடை வழியாக 1885 இல் நானுஓயாவை எட்டியது. 1865 ஆம் ஆண்டின் தொழிற் சட்டம், வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட வகைசெய்தது. உழைப்பை விற்பவன் விலகிச் செல்லவியலாத சந்தையை எவ்வாறு சுதந்திரச் சந்தை என்பது? உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்தபோது, உற்பத்தியையும் ஏற்றுமதியையுங் கட்டுப்படுத்தும் 1933 ஆம் ஆண்டுச் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையை வேண்டி நின்றோரும் இதே துரைமாரின் சங்கங்களே.

சுதந்திரத்தின் பின் ஆட்சியேற்ற ஐக்கிய தேசியக் கட்சி இம்மரபின் நேர் வாரிசு எனலாம். வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவருக்கு வாக்களித்தோரைப் பெருமளவில் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952 இல் மலையகத் தமிழர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. பாட்டன் எங்கு பிறந்தான், தந்தை எந்தக் கப்பலில் வந்தான் என்று குடும்பங் குடும்பமாக ஆவணங் கேட்ட ஓர் அரசைச் 'சிறிய அரசு' என்று எவ்வளவுக்குத்தான் சொல்லவியலும்? அவ்வரசே 1953 இல், செலவைச் சுருக்க வேண்டுமென்று கூறி, கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. அப்போதைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலுக்கு விடையாக அவசரகாலச் சட்டமுந் துப்பாக்கியும் வந்தன.

எனினும் 1977 இன் பின்னரே முரண்பாடு முழு வடிவில் வெளிப்பட்டது. திறந்த பொருளாதாரம் என்ற பெயரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. உணவு மானியத்தினிடத்தில் 1979 இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி மாறாதிருக்க விலைவாசி ஏற, ஏழையின் பங்கு தானாகவே தேய்ந்தது. இது கோட்பாட்டுக்கு இயைந்ததே. ஆனால் அரசின் செலவு சுருங்கிற்றா? முப்பதாண்டுத் திட்டமான மகாவலியை ஆறாண்டுகளில் முடிக்க முற்பட்ட அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை, 1980 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஐந்திலொரு பங்கை எட்டிற்று. பிரித்தானிய அரசின் உதவிப் பணத்திற் கட்டப்பட்ட விக்டோரியா அணையின் திறப்பு விழாவுக்கு 1985 ஏப்ரலில் வந்தவர் வேறெவருமல்லர். தம் நாட்டில் அரசுச் செலவைக் குறைப்பதே தம் பணியெனக் கொண்டிருந்த மார்கிரட் தட்சர்.

அணை கட்டுவது மட்டுமே கோட்பாட்டுக்கு மாறாகாது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தனியாருக்கு இலாபந் தராத பொதுப் பணிகளை அரசின் கடமையாக ஆடம் ஸ்மித்தே வகுத்துள்ளார். ஆனால் 1978 ஆம் ஆண்டு யாப்பின் நிறைவேற்று ஜனாதிபதி முறையையும், 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வேலையிழந்ததையும் ஸ்மித்தின் பெயரால் நியாயப்படுத்துதல் அரிது.

இவற்றிலும் விந்தையானது தோட்டங்களின் கதை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்களை, தனியார்துறையின் காவலராகத் தம்மைக் கூறிக்கொண்டோர் பதினைந்து ஆண்டுகள் தம் கையிலேயே வைத்திருந்தனர். ஏற்றுமதித் தீர்வையும், நியமனங்களை வழங்கும் வாய்ப்பும் எளிதிற் கைவிடத்தக்கனவா? 1984 இல் தோட்டத் தொழிலாளர் ஊதியங்கோரி வேலைநிறுத்தஞ் செய்தபோது, அவர்களுக்கு எதிரே முதலாளியாக நின்றது இந்த அரசே.

இவ்விடத்து முற்போக்காளர் தமக்கு வசதியான முடிவுக்கு விரைதலாகாது. தேசியமயத்தைச் செய்தது இடதுசாரிகள் பங்குகொண்ட கூட்டரசு. அக்காலத்திலேதான் தோட்டங்களிற் பட்டினிச் சாவும் வெளியேற்றமும் நிகழ்ந்தன. தொழிலாளிக்கு அரசு பெரிதா சிறிதா என்பதிலும், அது யாருடைய கையில், எதன் பொருட்டுப் பெரிதாகின்றது என்பதே முதன்மையான வினா. இவ்வகையில் நோக்குமிடத்து, பழைமைவாதிகள் தம் கொள்கையிலிருந்து வழுவினர் என்று சாடுவதுகூட அவர்களைச் சரிவர விளங்கிக்கொள்வதாகாது. கொடுக்குமிடத்துச் சுருங்குவதும், பிடிக்குமிடத்து விரிவதும் அவர்தம் நடைமுறையில் ஒரே கொள்கையின் இரு செயல்களே.

1992 இல் தோட்ட முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. நிலவுடைமையோ ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமுமே தங்கிற்று. இலாபம் கம்பனிக்கும் மண் அரசுக்கும் உரியதாக, லயத்துக் காம்பராவில் வாழ்பவருக்கு உறுதிப்பத்திரந் தரவேண்டியவர் எவர் என்ற வினாவுக்கு ஒரு தரப்பு மறுதரப்பைக் கைகாட்டி வந்துள்ளது. சி. வி. தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டமை எண்ணத்தக்கது. 2015 இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியுடன் சில ஆயிரம் தனிவீடுகள் எழுந்தன. எஞ்சியோரிற் பெரும்பாலோர் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றனர்.