பூட்டிய பீரோவும் திறந்த அலமாரியும்

தங்கம் பாறைக்குள் இருப்பதால் மட்டும் எவருக்கும் பயன் இல்லை. இதைக் கோலார் தங்கவயல் மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இறங்கி அதை மேலே கொணர்ந்தவர்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவர்களுடைய பிள்ளைகள் நம்பியிருக்கும் செல்வம் கல்வி ஒன்றே. அச்செல்வத்தில் ஒரு பங்கு பள்ளியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்குமானால், அதை வெளியே கொண்டுவருவது எப்படி? இக்கேள்வி பிற மாநிலங்களில் வாழும் தமிழர் யாவருக்கும் உரியது.

இதற்கு விடை கண்டவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்களைக் கண்டு திரும்பிய அவர், வாசகர் தாமே அலமாரியை அணுகி நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கைக்கொண்டார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதாகும். பிற்காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து 1972-இல் மறைந்த அவர், தங்கவயலுக்கு அயலார் அல்லர்.

அப்படியானால் பீரோவுக்குப் பூட்டு ஏன்? ஆசிரியரைக் குறை கூறுதல் நியாயமன்று. ஒரு புத்தகம் குறைந்தால் கணக்குக் கேட்பார்கள். கைப்பணம் கட்ட நேரிடுமோ என அவர் அஞ்சுகிறார். ஆகையால் முதலில் மாற வேண்டியது மரச்சாமான் அன்று, விதி. கையாளுவதால் ஆண்டுதோறும் சில நூல்கள் கிழியும், சில காணாமற்போகும் என்பதை நிர்வாகம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அவற்றைக் கணக்கிலிருந்து கழிக்க இடமளிக்க வேண்டும். அதன்பின் அறையை ஒழுங்கு செய்யலாம்.

முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள ஒரு வகுப்பறை போதும். போக வர ஒரே வாயில். அதன் அருகே ஆசிரியரின் மேசை. அங்கிருந்து அறை முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அலமாரி ஐந்தடிக்கு மேல் உயரலாகாது. சிறுவர் பகுதியில் நான்கடியே நலம். மூன்றடிக்கு மேல் நீண்ட பலகை சுமையால் வளையும். சாதாரணப் பருமனுள்ள நூல்கள் அடிக்குப் பத்து நிற்கும். எனவே மூன்றடி அகலமும் நான்கு தட்டுகளும் உள்ள அலமாரி ஒன்று நூற்றிருபது நூல்களைத் தாங்கும். அறையின் நடுவில் வைக்கும் அலமாரிகளைச் சன்னலுக்குக் குறுக்கே நிறுத்தினால் வெளிச்சம் இடைவழியில் விழும்; சன்னலை மறைத்து நிறுத்தினால் பகலிலும் விளக்கு வேண்டும். இடைவழி நான்கடி இருந்தால், ஒரு பிள்ளை குனிந்து தேடும்போதும் மற்றொரு பிள்ளை கடந்து செல்ல இயலும். ஒரு மூலையில் ஜமக்காளம் விரித்துவிட்டால் நாற்காலிச் செலவு குறையும். சிறுவரும் மனம்போல் அமர்ந்து படிப்பர்.

ஊரின் இயல்பையும் மறத்தலாகாது. தங்கவயலில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளிலிருந்து காற்றில் எழும் தூசி வீடுகளுக்குள் புகும். மேட்டை நோக்கிய சன்னலுக்கு நெருக்கமான வலை அடித்து, அலமாரிகளை எதிர்ச்சுவரில் வைப்பது நன்று. சுரங்கம் நடந்த காலத்தில் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும் என்பதை முதியோர் அறிவர். எங்கே ஆயினும், பிள்ளைகள் பற்றி ஏறக்கூடிய அலமாரியைச் சுவரோடு பிணைத்து, கனத்த நூல்களைக் கீழ்த்தட்டில் வைத்தலே பாதுகாப்பு.

முடிவாக, நம் மொழியைப் பற்றி ஒரு சொல். வேற்றுமாநிலப் பள்ளிகளில் தமிழ் நூல்களைத் தனியே ஒரு கடைக்கோடி அலமாரியில் ஒதுக்குவது எளிது. அங்கே தேடிச் செல்பவர், முன்பே தமிழ் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே. அவ்வாறின்றிப் பொருள்வாரியாக அடுக்கலாம். விண்மீன்களைப் பற்றிய கன்னட நூலுக்கு அருகிலேயே அதே பொருளில் தமிழ் நூலும் நிற்கட்டும். எந்த மொழி என்பதை முதுகில் ஒட்டிய வண்ணத்தாள் காட்டட்டும். வகுப்பில் கன்னடத்தில் கற்றதை, வீட்டுமொழியில் காணும் பிள்ளை வியந்து எடுத்துப் புரட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முயற்சி அங்கே தொடங்கும்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு தச்சரும், இரண்டு விடுமுறை நாட்களும், பெற்றோர் சிலரின் கைகளும் போதும். நம் பிள்ளை பயிலும் பள்ளிக்கு அடுத்த முறை செல்லும்போது, புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்போம். சாவி யாரிடம் என்பதையும் சேர்த்தே கேட்போம்.